முதுகில் கண் இல்லாதவள்

நாற்காலியை ஒரு முறை சுற்றி வந்து, குனிந்து நான்கு கால்களையும் பார்த்து, ஒன்றைப் பூட்ஸ் முனையால் லேசாக உதைத்தும் பார்த்த பிறகுதான் அவள் சாப்பிட உட்காருவாள். அதற்குள் தட்டில் இருப்பது ஆறிப்போயிருக்கும்.

"உக்காரு பாப்பா. அது நாற்காலி. எங்கயும் ஓடாது" என்பார் எதிரே இருக்கும் அப்பா.

"ஓடாதுன்னு நம்பி ஏறினவங்கதான்பா ஆஸ்பத்திரியில கிடக்கறாங்க" என்பாள் மகள். ஏறுவதற்கு முன் வண்டியைச் சுற்றிப் பார்க்க வேண்டும் என்பது முகாமில் சொல்லிக்கொடுத்த முதல் பாடம். எது வண்டி, எது வண்டி இல்லை என்று அவர்கள் சொல்லிக்கொடுக்கவில்லை. அதனால் கட்டில், சைக்கிள், கல்லூரி பெஞ்சு எல்லாவற்றையும் சுற்றுகிறாள். ஒருமுறை பல் வைத்தியரின் சாய்வு நாற்காலியைச் சுற்றிவிட்டு, அடியில் எண்ணெய் கசிகிறது என்று அவரிடம் சொன்னாள். கசியத்தான் செய்தது.

மதியம் வரை அவள் கல்லூரியில் தாவரவியல் படிக்கிறாள்; கடைசி ஆண்டு. மதியத்துக்கு மேல் ராணுவ வாகன முகாமில் கனரக லாரி ஓட்டப் பழகுகிறாள். படித்துக்கொண்டே படை வேலைக்குத் தயாராகும் திட்டம் ஒன்று இருக்கிறது. சேர்ந்தவர்களில் பாதிப் பேர் படிப்பை விட்டார்கள், மீதிப் பேர் படையை விட்டார்கள். இவள் இரண்டையும் விடவில்லை. ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்று அம்மா சொன்னால், "ரெண்டு காலும் நனையுதில்ல, அப்புறம் என்ன?" என்று கேட்கிறாள். கல்லூரியில் அவளுக்கு லாரி என்று பெயர். முகாமில் செடி. தெருவில் பட்டாளம். வீட்டில் மட்டும் இன்னும் பாப்பா.

இரண்டு படிப்பும் ஒரே மண்டைக்குள் இருந்தால் சுவர் எங்காவது இடியத்தான் செய்யும். வேரிலிருந்து இலைக்கு நீர் எப்படி ஏறுகிறது என்று பரீட்சையில் கேட்டிருந்தார்கள். அவள் எழுதியது: "முதலில் செடியைச் சமதரையில் நிறுத்தவும். குனிந்து அடியில் கசிவு உள்ளதா என்று பார்க்கவும். நீர்மட்டம் குறைந்திருந்தால் நிரப்பவும். சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்கக் கூடாது." பேராசிரியை அப்பாவைக் கூப்பிட்டு அனுப்பி, விடைத்தாளை முழுவதும் வாசித்துக் காட்டிவிட்டு, வீட்டில் எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பரிவோடு விசாரித்தார். பாதி மதிப்பெண் போட்டிருந்தார். "தப்புன்னு அடிக்கவும் மனசு வரலைங்க. சூடா இருக்கும்போது செடிக்குத் தண்ணி ஊத்தக் கூடாதுதானே?" என்றார்.

முகாமிலும் இதே கதை. லாரியை இலைதழை போட்டு மறைக்கும் பயிற்சியின்போது எல்லோரும் மூடி முடித்து மூச்சு வாங்கிக்கொண்டிருக்க, இவள் மட்டும் கை தூக்கினாள்.

"சார், இந்தக் காட்டுல இந்த மரமே கிடையாது. செடிகொடி படிச்ச எதிரி வந்தா ஒரே பார்வையில கண்டுபிடிச்சிருவான்."

பயிற்சி கொடுத்த சார்ஜென்ட் ஒரு தழையைப் பிடுங்கி முகர்ந்து பார்த்தார். "செடிகொடி படிச்சவன் எதுக்கும்மா சண்டைக்கு வரப்போறான்?"

"நான் வரலையா சார்?"

அத்தனை பேரும் எல்லாவற்றையும் பிய்த்துப் போட்டுவிட்டு, சரியான மரத்தைத் தேடி மறுபடி தழை ஒடிக்கப் போனார்கள். கொஞ்ச நாள் முகாமில் அவளோடு யாரும் பேசவில்லை. அந்த நேரத்தில் அவள் பூஞ்சைகளைப் படித்து முடித்துவிட்டாள்.

அப்பா பல்செட் செய்கிறவர். வீட்டின் முன்னறைதான் பட்டறை. அச்செடுத்த தாடைகள் அலமாரியில் வரிசையாக உட்கார்ந்து வருகிறவர்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கும். தெருவுக்கு அவர் பல்லுக்காரர். அதிர்ந்து பேசத் தெரியாதவர். கடையில் மீதிச் சில்லறை குறைந்தால்கூடக் கேட்காமல் வந்துவிடுவார். பல்செட்டுகளை வைத்தியர்களிடம் கொண்டுபோய்க் கொடுப்பதற்காக அவரிடம் பழைய வேன் ஒன்று உண்டு. அதன் பின்கதவு இரண்டையும் நிறைத்து, விளம்பரத்துக்காக ஒரு பெரிய பல்வரிசை வரையப்பட்டிருக்கிறது. அந்த வேனில்தான் மகள் காலையில் கல்லூரிக்கும் அங்கிருந்து முகாமுக்கும் போகிறாள்.

அவர்கள் வீடு ஒரு முட்டுச்சந்தின் கடைசி வீடு. வேனைத் திருப்ப இடம் கிடையாது. சந்து முழுவதையும் பின்னோக்கியே ஓட்டிப் பெரிய சாலைக்கு வர வேண்டும். அப்பா அதை இத்தனை காலமாகக் கழுத்தைத் திருப்பிப் பார்த்துக்கொண்டு நிம்மதியாகச் செய்துவந்தார். மகள் பயிற்சியில் சேர்ந்த பிறகு அந்த நிம்மதி போயிற்று. பின்னால் வழிகாட்டி இல்லாமல் வண்டியைப் பின்னோக்கி நகர்த்தவே கூடாது என்பது முகாமின் சட்டம்.

"இது லாரி இல்ல பாப்பா. பல்லு வண்டி" என்று கெஞ்சிப் பார்த்தார்.

"வண்டி சின்னதோ பெரிசோ, முதுகுல கண்ணு இல்லப்பா. நீங்கதான் கண்ணு."

முதலில் அம்மாவைத்தான் அந்த வேலைக்கு வைத்தாள். அம்மா ஆஸ்பத்திரி சலவைப் பிரிவில் இரவு வேலை பார்க்கிறவர். ஒரு கையால் வா வா என்று காட்டிக்கொண்டே, மறு கையை ஆட்டி ஆட்டி எதிர்வீட்டாரோடு பேசிக்கொண்டு வந்தார். எந்தக் கை எனக்கு, எந்தக் கை அவங்களுக்கு என்று மகள் கேட்டாள். அன்றோடு அம்மாவுக்கு அந்த வேலை போயிற்று. "நீங்க வாங்கப்பா. உங்களுக்குப் பொய் சொல்ல வராது, உங்க கைக்கும் வராது" என்று அப்பாவைப் பிடித்துக்கொண்டாள்.

அடையாளங்கள் எளியவை. இரண்டு கைகளையும் மார்புக்கு நேராக மடக்கி மடக்கி அழைத்தால், வா. ஒரு கையை நீட்டினால் அந்தப் பக்கம் திருப்பு. தலைக்கு மேல் இரண்டு கைகளையும் பெருக்கல் குறி போல் வைத்தால், நில். வழிகாட்டி கண்ணாடியில் தெரியாமல் போனாலும் நில். "கண்ணாடியில தெரியாத ஆளு செத்த ஆளு. நிறுத்திட்டு இறங்கிப் பாரு" என்பது சார்ஜென்ட்டின் வாக்கு. நில் என்று காட்டிய வழிகாட்டி மறுபடி வா என்று காட்டாதவரை வண்டி நகரக் கூடாது. கையை இறக்கினால் மட்டும் போதாது. ஏன் நிறுத்தினாய் என்று கேட்கவும் கூடாது.

ஆக, தினமும் பல்லுக்காரர் பைஜாமாவோடு சந்தில் பின்னோக்கி நடந்தார். முகாமில் வழிகாட்டிகள் வெள்ளைக் கையுறை போடுவார்களாம். அவர் கையில் பிளாஸ்டர் மாவு இருந்ததால் அந்தச் செலவு மிச்சம். முகத்துக்கு நேரே ஒரு ராட்சதப் பல்வரிசை இளித்துக்கொண்டு மெல்ல மெல்ல வர, அவர் அதை இரண்டு கைகளாலும் வருந்தி அழைத்துக்கொண்டே பின்வாங்குவார். ஜன்னல்கள் எல்லாம் திறந்திருக்கும். எதிர்வீட்டு வயலின் வாத்தியார், "இடது கை கொஞ்சம் பிந்துது, கவனிங்க" என்பார். பல்லுக்காரருக்கு மானம் போகும். மறுநாள் இடது கையைக் கவனிப்பார்.

ஒருநாள் நடுச் சந்தில் அவருக்குத் தலை அரித்தது. இரண்டு கைகளாலும் சொறிந்தார். வேன் பட்டென்று நின்றது. அவர் திகைத்தார். இருபது வருஷமாக அவர் சொல் எதையும் கேட்காத பெண் அவள். தாவரவியல் எடுக்காதே என்றபோது கேட்கவில்லை, படையில் சேராதே என்றபோதும் கேட்கவில்லை. தலையைச் சொறிந்தால் கேட்கிறாள்! அன்று முதல் அவருக்குக் கொஞ்சம் துளிர்விட்டது. நடுச் சந்தில் கைகளைத் தலைக்கு மேல் தூக்குவார். வேன் நிற்கும். பக்கவாட்டில் வந்து, "பால் குடிச்சியா?" என்பார். குடித்தேன் என்பாள். திரும்பிப் போய் வா என்று காட்டுவார். நாலு வீடு தள்ளி மறுபடி நிறுத்துவார். "பாசி பாடம் முடிச்சியா?" அவள் ஒருமுறைகூடச் சலித்துக்கொள்ளவில்லை. நிறுத்திய நேரத்தில் இஞ்சினை அணைத்து, மடியில் இருக்கும் தாவரவியல் நோட்டைத் திறந்து படிப்பாள். அவள் பாதிப் பட்டம் வாங்கியதே அந்தச் சந்தில்தான் என்று சொல்லலாம்.

போன மாதம் அவளுக்கு ஒரே நாளில் இரண்டு பரீட்சை விழுந்தது. காலையில் முகாமில் கடைசி ஓட்டுநர் தேர்வு. மதியம் கல்லூரியில் செய்முறைத் தேர்வு. லாரித் தேர்வில் தேறினால், பட்டம் வாங்கிய கையோடு நெடுந்தூரச் சரக்கு அணியில் வேலை; அதில் சேர்ந்தால் வருஷத்துக்கு ஒருமுறைதான் வீடு. முகாம் வாசலைச் சாத்திய பிறகு வருகிறவர்களின் பெயரைத் திட்டத்திலிருந்தே அடித்துவிடுவார்கள், மறு தேர்வு கிடையாது. அடித்துவிட்டால் செடிகொடி மட்டும் மிஞ்சும். பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியை வேலை, மாலை ஆனால் வீடு. அப்பாவுக்கு அதுதான் வேண்டும். பட்டாளத்தின் மீது அவருக்குக் கோபம் ஒன்றும் இல்லை. மலைச் சாலையில் இவள் தனியாக ஓட்டிக்கொண்டு போவதை நினைத்தால் மேல்பல்லைக் கீழ்த்தாடையில் பதித்துவிடுவார். அவ்வளவுதான்.

அன்று காலை அவள் பூட்ஸ் அணிந்து, முகாம் பைக்குள் கல்லூரி அங்கியையும் செடி அறுக்கும் கத்தியையும் வைத்துக்கொண்டு, வேனைச் சுற்றி வந்து ஏறினாள். அப்பா சந்தில் இறங்கினார். பாதி தூரம் ஒழுங்காக அழைத்துக்கொண்டு போனார். வயலின் வாத்தியார் வீட்டு வாசலில் இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கிக் குறுக்கே வைத்தார்.

வேன் நின்றது. அவர் பக்கவாட்டில் வரவில்லை. பால் குடித்தாயா என்று கேட்கவில்லை. கைகளை இறக்கவும் இல்லை. இஞ்சின் அணைந்தது. நோட்டு திறந்தது.

ஜன்னல்கள் திறந்தன. வாத்தியார் எட்டிப் பார்த்தார். "என்ன, இன்னிக்கு ரொம்ப நீளமான நிறுத்தமா இருக்கு?"

பல்லுக்காரர் கைகளை இன்னும் உயர்த்திப் பிடித்தார். கை மரத்துப்போயிற்று. அப்போதுதான் வேலை முடிந்து சந்து முனையில் அம்மா வந்தார். ஒரு பார்வையில் அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது. புருஷனைத் தாண்டி நேரே வேன் ஜன்னலுக்குப் போனார்.

"ஏண்டி, நேரமாகலையா உனக்கு? ஹாரன் அடி. ஒதுங்கிடுவாரு."

"அடிக்கக் கூடாதும்மா. வழிகாட்டி நில்லுன்னா நிக்கணும்."

"எதுக்கு நில்லுங்கறாராம்? பின்னாடி ஒரு ஈ காக்கா இல்ல, நான்தான் அந்த வழியா வந்தேன்."

"இருக்கா இல்லையான்னு அவர்தான் சொல்லணும். அவருக்குத் தெரியறது நமக்குத் தெரியாது." அவள் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டேதான் பேசினாள். மடியில் நோட்டு அதே பக்கத்தில் திறந்து கிடந்தது. "அப்பா சும்மா நிறுத்த மாட்டாரும்மா."

இஞ்சின் அணைந்திருந்ததால் அது பல்லுக்காரருக்குக் கேட்டது. அவர் தலையைத் திருப்பிப் பின்னால் பார்த்தார். சந்து காலியாகத்தான் கிடந்தது. ஒரு குப்பைத்தொட்டிகூட நடுவில் இல்லை. தன் கைகள் அத்தனை நேரமாகப் பொய் சொல்லிக்கொண்டு நின்றதை நினைத்து அவருக்கு வெட்கமாக இருந்தது. தெருவே பார்க்கிறது என்பதற்காக வந்த வெட்கம் இல்லை அது.

"இறக்குங்களேன். அவ போகட்டும்" என்றார் அம்மா, தணிந்த குரலில்.

"இறக்கினா போதாது" என்றார் அவர். "நான் கூப்பிட்டாத்தான் போவா."

கைகளை இறக்கினார். ஒரு அடி பின்னால் வைத்தார். பிறகு மார்புக்கு நேராக இரண்டு கைகளையும் மடக்கி அழைத்தார்: வா. இஞ்சின் உறுமிற்று. இடது கை அன்று பிந்தவில்லை. அழைத்துக்கொண்டே ஏறக்குறைய ஓடினார். பல்வரிசை அவர் பின்னாலேயே ஓடி வந்தது. சந்து முனையில் வழக்கமாக நிற்கும் இடத்தில் அவர் நிற்கவில்லை. பெரிய சாலையில், காலை நேரத்து வண்டிகள் இரைந்துகொண்டு போகும் நட்டநடுவில், பைஜாமாவோடு போய் நின்றார். கூட்டத்தோடு வந்துகொண்டிருந்த பஸ் ஒன்று கிரீச்சிட்டு அவரிடமிருந்து ஒரு முழம் தள்ளி நின்றது. டிரைவர் வெளியே தலையை நீட்டி என்னவோ கத்தினார். பல்லுக்காரர் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. மாவு படிந்த ஒரு கையால் பஸ்ஸை நிறுத்திப் பிடித்துக்கொண்டு, மறு கையால் மகளை, வா, வா, வா என்று அழைத்துக்கொண்டிருந்தார்.