மாலை போட்ட போஸ்டர்

அருங்காட்சியகத்தில் மக்கள் தொடர்பு வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் இருந்தது. மலாய், ஆங்கிலம், தமிழ் மூன்றிலும் ஓர் எழுத்துப்பிழைகூட என் கண்ணுக்குத் தப்பாது என்று அலுவலகம் முழுக்கச் சொல்லி வைத்திருந்தேன். வேலை மட்டும் இன்னும் நிரந்தரமாகவில்லை. தோட்டத் தொழிலாளர் கண்காட்சியின் திறப்பு விழா நன்றாக நடந்தால் பார்க்கலாம் என்றார் மேலாளர்.

விழாவின் சிறப்பு விருந்தினர், ரப்பர்த் தோட்டத்தில் நாற்பது வருடம் பால்மரம் சீவிய ஓர் ஆண்ட்டி. தம்போய் வட்டாரத்து அடுக்குமாடி ஒன்றில் தனியாக இருந்தார். அவர் படத்தை வைத்து ஒரு போஸ்டர் செய்யச் சொன்னேன். எங்கள் வடிவமைப்பாளர் மலாய்க்காரப் பெண், ரசனைக்காரி. இந்தியர் நிகழ்ச்சியாயிற்றே என்று படத்தைச் சுற்றி மாலையும், கீழே ஒரு குத்துவிளக்கும் சேர்த்திருந்தாள். நான் காலை நெரிசலில் பேருந்தில் நின்றுகொண்டே கைப்பேசியில் பார்த்தேன். எழுத்துப்பிழை இல்லை. இணையத்தில் போடலாம் என்று பதில் அனுப்பினேன்.

மறுநாள் காலை ஒரு தமிழ்ப் பத்திரிகை நிருபர் அழைத்தார். நான் அனுப்பிய எந்தச் செய்திக்கும் அதுவரை பதிலே போடாதவர்.

"அம்மா எப்ப தவறுனாங்க? எடுப்பு எத்தன மணிக்கு?"

போஸ்டரைத் திறந்து பார்த்தேன். மாலை, விளக்கு, நடுவில் சிரித்த முகம். உயிரோடு இருப்பவருக்குக் கண்ணீர் அஞ்சலி போட்டிருக்கிறேன், அதுவும் மூன்று மொழிகளில். உடனே அதை நீக்கினேன். ஆண்ட்டியை அழைத்தால், வேறு அழைப்பில் இருப்பதாகவே வந்தது. நேரில் போய்க் காலில் விழுவதைத் தவிர வேறு வழி தெரியவில்லை.

அவர் வீட்டு வாசலில் செருப்புகள் குவிந்திருந்தன. ஆனால் உள்ளே கோழிக் கறி வாசம், ஒரே சிரிப்பு. சிகாமட்டிலிருந்து தங்கை குடும்பம், பண்டார் தெங்காராவிலிருந்து பழைய தோட்டத்துக்காரர்கள். அழுதுகொண்டே வந்தவர்கள் எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"மன்னிச்சிருங்க ஆண்ட்டி. போஸ்டர எடுத்துட்டேன்," என்றேன்.

அவர் முகம் வாடிவிட்டது.

"ஏன்மா அவசரப்பட்ட? ரெண்டு நாள் விட்டிருக்கலாம் லா. தங்கச்சி பேசி ஆறு வருசமாச்சு, இன்னிக்கு ஓடி வந்துட்டா. சின்னவன்தான் இன்னும் வரல. சிங்கப்பூர்ல இருக்கான். அவன் பாத்தானோ என்னமோ."

சின்ன மகனின் எண்ணை வாங்கிக்கொண்டு படிக்கட்டில் நின்று அழைத்தேன். அருங்காட்சியகத்திலிருந்து பேசுகிறேன் என்றதும், "என்ன விக்கிறீங்க?" என்றார்.

"ஒன்னும் விக்கல. உங்கம்மா நல்லா இருக்காங்க. சனிக்கிழமை பத்து மணிக்கு எங்க மியூசியத்துல அவங்கதான் சீஃப் கெஸ்ட். நீங்க வருவீங்களான்னு வாசலயே பாத்துட்டு இருக்காங்க."

"வரேன்," என்றார்.

சனிக்கிழமை அந்த நிருபரோடு சேர்த்து நான்கு பத்திரிகைக்காரர்கள் வந்தார்கள். அப்படியொரு கூட்டத்தை எங்கள் கட்டடம் பார்த்ததில்லை. மேலாளர் எனக்குக் கை கொடுத்தார், வேலை உறுதி என்றார். ரிப்பன் வெட்ட ஆண்ட்டியைக் கூப்பிட்டோம். கத்தரிக்கோலை வாங்க மறுத்துவிட்டார். இரண்டு கையாலும் சின்ன மகனைப் பிடித்துக்கொண்டிருந்தார்.