தனி டம்ளரும் பொது நாடாவும்

பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு தறிக்கூடத்தில் நெய்கிறேன். ஊடை நூலைக் குறுக்கே கொண்டு ஓடும் மரக்கட்டையான நாடாவில், நூல் சுற்றிய புதுத் தார்க்குச்சி போட்டதும், நாடாவின் துளையில் வாய் வைத்து உறிஞ்சி நூல் முனையை வெளியே இழுப்பது எங்கள் வழக்கம்.

பக்கத்துத் தறி ஏகாம்பரம் ஓயாத இருமலோடு ஆஸ்பத்திரிக்குப் போனார். காசநோய் என்றார்கள். அவர் குடித்த டம்ளரை அன்றே ஒதுக்கி வைத்தோம். அதில் எங்களுக்குப் பெருமை வேறு. அவர் பாதியில் விட்ட முகூர்த்தப் புடவையை முடிக்க, அவர் தறியில் நான் உட்கார்ந்தேன்.

எங்களைப் பரிசோதிக்க வந்த நர்ஸம்மா, நான் நாடாவை உறிஞ்சுவதைப் பார்த்துவிட்டார்.

"யாருதுபா அது?"

"ஏகாம்பரத்தோடதும்மா."

"டம்ளர ஒதுக்கிட்டு, இத வாயில வெச்சிக்கினு இருக்கறியே."

நாடாவைக் கீழே வைத்துவிட்டு வாய் கொப்பளிக்க ஓடினேன். எக்ஸ்ரேயில் நெஞ்சில் ஒன்றுமில்லை என்று தெரிந்த பிறகுதான் சோறு இறங்கியது.

இப்போது எல்லாத் தறியிலும் ஒரு வளைந்த கம்பி தொங்குகிறது. நூலை அதனால்தான் இழுக்கிறோம். ஏகாம்பரமும் குணமாகித் திரும்பிவிட்டார். பழக்க தோஷத்தில் நாடா என் வாய்ப்பக்கம் போனால், பக்கத்துத் தறியிலிருந்து அவர் குரல் வரும்:

"கம்பி இருக்குது பாரு. நான் பட்டது போதும்பா."