அமைச்சர் பேசாத பேச்சு

தலைநகருக்கு வேலைக்கு வந்து ஐந்தே வாரம் ஆன அந்த நிருபரின் பெயர் மறுநாள் முதல் பக்கத்தில் வரவிருந்தது. அதற்குள்ளாகவே அம்மாவுக்குப் போன் போட்டுச் சொல்லியும் விட்டாள்.

துறைமுக விரிவாக்கம் பற்றி அமைச்சர் மாலையில் ஆற்றப்போகும் உரையை மதியமே அச்சடித்துக் கொடுத்துவிட்டார்கள். அதை வைத்து முன்கூட்டியே செய்தி எழுதிவிடுவது எல்லா நிருபர்களும் செய்வதுதான். அவளும் ‘அமைச்சர் ஆவேசமாகப் பேசினார்’ என்று எழுதி அனுப்பிவிட்டுத்தான் கூட்டத்துக்குப் போனாள்.

மேடை ஏறிய அமைச்சருக்குத் தொண்டை கட்டியிருந்தது. “எல்லாம் அந்தத் தாள்ல இருக்கு” என்று கரகரத்துவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

அவள் எழுதியதோ ஏற்கெனவே அலுவலகம் போய்ச் சேர்ந்துவிட்டது. வாயைத் திறக்காமல் இருந்தால் யாரும் கேட்கப்போவதில்லை. மற்ற நிருபர்களும் அப்படித்தான் விடப்போகிறார்கள். ஆனாலும் அலுவலகப் படிகளில் ஓடி ஏறி, மறுநாள் பேப்பருக்குப் பக்கங்களை அமைத்துக்கொண்டிருந்த துணை ஆசிரியர் அக்காவிடம் மூச்சிரைக்கச் சொன்னாள்.

“அக்கா, அவர் பேசவே இல்லக்கா.”

“அடிப்பாவி! ஆவேசமான்னு எழுதியிருக்கியே?”

“தாள்ல ஆச்சரியக்குறி நிறைய இருந்துச்சுக்கா.”

அக்கா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, செய்தியைத் தூக்கி ஆறாம் பக்கத்தில் போட்டாள். உரை வெளியிடப்பட்டது என்று நாலு வரி, பெயர் கிடையாது.

நாலு பேர் பங்கிட்டுக்கொண்ட வாடகை அறைக்குத் திரும்பும் பஸ்ஸிலிருந்து அம்மாவைக் கூப்பிட்டாள்.

“நாலே வரிதாம்மா. என் பேரும் இருக்காது.”

“அதனாலென்னடி? எந்த மூலைன்னு மட்டும் சொல்லிடு. இல்லன்னா வேற எவனோ எழுதினதை வெட்டி வச்சுக்கப்போறேன்.”