கலீல் பாயின் கட்டைவிரல்

எங்கள் டிராவல்ஸில் டிரைவர்கள் எல்லாருக்கும் புது டச் ஃபோன் கொடுத்த அன்று, முப்பத்தெட்டுப் பேரில் கலீல் பாய் ஒருவர்தான் அதைக் கையில் வாங்கவில்லை. "மேசையில வைங்க தம்பி, பொறவு எடுத்துக்கிடுதேன்" என்றார். எல்லாரும் கலைந்த பிறகு வந்து, இடது கையால் எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போனார்.

புனேயில் வாகட் என்ற பகுதியில் இருக்கிறது எங்கள் ஆபீஸ். ஐ.டி. கம்பெனி ஆட்களைக் காலையில் வீட்டிலிருந்து ஏற்றி ஹிஞ்சேவாடியில் இறக்குவதும், சாயங்காலம் திரும்பக் கொண்டுபோய் விடுவதும்தான் தொழில். எனக்கு டெஸ்க் வேலை. எந்த வண்டி எங்கே நிற்கிறது, யார் ஏறினார்கள், யார் வரவில்லை என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். நான் பி.எஸ்ஸி. கணிதம். எங்கள் வீட்டில் மட்டுமல்ல, எங்கள் தெருவிலேயே டிகிரி வாங்கிய முதல் ஆள். சேர்ந்தபோது ஐ.டி. கார்டில் என் பெயருக்குப் பின்னால் பி.எஸ்ஸி. என்று அச்சடிக்கச் சொன்னேன். மேனேஜர் ராஜஸ்ரீ மேடம் சிரித்தார். ஆனாலும் போட்டுக் கொடுத்தார்.

அந்தக் கார்டைப் பார்த்துச் சிரிக்காத ஒரே ஆள் கலீல் பாய். அவர் கடையநல்லூர்க்காரர், நான் சங்கரன்கோவில் பக்கம். பேச்சைக் கேட்டதுமே இருவருக்கும் தெரிந்துவிட்டது. "இது என்னது, அருண்ராஜுக்குப் பின்னால?" என்று கார்டைக் காட்டிக் கேட்டார். சொன்னேன்.

"நம்ம மக மிஸ்பாவுக்கும் ஒண்ணு வரும். பி.ஃபார்ம். இன்னும் ரெண்டு வருஷம்" என்றார்.

அவர் பக்கத்திலும் சரி, அவர் மனைவி சுலைஹா பக்கத்திலும் சரி, யாரும் பத்தாவது தாண்டியதில்லை. மாமாவின் சாயாக்கடையில் கிளாஸ் கழுவ வந்த கலீல் பாய், லைசன்ஸ் எடுத்து, இருபத்தாறு வருடமாகப் புனேயில் ஸ்டியரிங் பிடித்துக்கொண்டிருந்தார். மிஸ்பா முடிக்கிற வரைக்கும் ஓட்டுவது, பிறகு விஷ்ராந்த்வாடியில் வீட்டோடு உட்கார்ந்துவிடுவது என்பது அவர் திட்டம். பார்க்கிறவர்களிடமெல்லாம் அதைச் சொல்லுவார். ரெண்டு வருஷம், ரெண்டு வருஷம் என்று.

அதுவரை எங்களிடம் பேப்பர் ஷீட்தான். பயணி ஏறினால் கையெழுத்து, இறங்கினால் கையெழுத்து, அவசரமென்றால் ஒரு ஃபோன். கலீல் பாயிடம் பட்டன் வைத்த பழைய ஃபோன் ஒன்று இருந்தது. மனைவியிடமும் மகளிடமும் டச் ஃபோன் இருக்க, இவர் மட்டும் அதை விடவில்லை. கஞ்சத்தனம் என்று நாங்கள் எல்லாரும் நினைத்தோம். கோர்படி ரயில்வே காலனியில் வளர்ந்த ராம்கி என்ற டிரைவர் தினமும் சீண்டுவான்.

"பாய், உங்க ஃபோன மியூசியத்துல கேட்டாங்களாம்."

"கேட்டா உன்னையும் சேத்துக் குடுத்துருதேன். ரெண்டுலயும் சத்தம் மட்டும்தான் வருது."

புது ஃபோனை எப்படிப் பயன்படுத்துவது என்று டிரைவர்களுக்குக் காட்டிக் கொடுத்தவன் நான். ஆப்பில் இந்தி உண்டு, மராட்டி உண்டு, தமிழ் கிடையாது. ஆனால் படிக்க ஒன்றும் பெரிதாக இல்லை. பயணியின் பெயருக்குக் கீழே வந்தாச்சு, ஏறியாச்சு, வரவில்லை, இறங்கியாச்சு என்று நாலு பட்டன்கள். மூலையில் சிவப்பாக ஒன்று, ஆபத்து என்றால் தொடுவதற்கு. கலீல் பாய் கடைசி வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"தம்பி, இதுல விரல வெச்சுக்கிட்டு யோசிக்க முடியுமா?"

"யோசிக்க என்ன இருக்கு பாய்? தொட்டாப் போதும்."

"அதான் கேக்கேன். பட்டன்னா மேல விரல வெச்சு, சரியான எடந்தானான்னு தடவிப் பாத்துட்டு அமுக்குவேன். இது பட்டதுமே செஞ்சுருதே. ரொம்ப அவசரப்பட்ட சாமானா இருக்கு."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். முதல் முதலாக டச் ஃபோனைத் தொட்டபோது, ஹாஸ்டலில், எனக்கும் அப்படித்தான் இருந்தது. கண்ணாடியில் விரலுக்குப் பிடிமானமே இல்லை. எங்கே தொட்டேன், என்ன ஆயிற்று என்று தெரியாமல் பயந்து பின்வாங்கினேன். ஒரே வாரத்தில் பழகிப்போயிற்று. இவருக்கும் பழகிவிடும் என்று நினைத்தேன்.

முதல் வாரத்தில் அவர் வண்டியிலிருந்து மூன்று முறை ஆபத்து மணி அடித்தது. ஆபீஸே எழுந்து நின்றது. மூன்று முறையும் கூப்பிட்டுக் கேட்டால், "ஒண்ணுமில்ல தம்பி, சும்மா நிக்கேன்" என்றார். அடுத்த வாரம் ரீனா என்ற பயணியிடமிருந்து புகார் வந்தது. கட்கியில் அந்தப் பெண்ணின் வாசலிலேயே வண்டி நின்றிருக்கிறது. வந்தாச்சு என்பதைத் தொடப்போய் விரல் தள்ளிப் பட்டு, வரவில்லை என்று பதிவாகிவிட்டது. வண்டி போய்விட்டது என்று ரீனாவின் ஃபோன் சொல்ல, அவள் பின்வாசல் வழியாகப் போய் ஆட்டோ பிடித்துவிட்டாள். பாய் முன்வாசலில் கால் மணி நேரம் காத்திருந்தார்.

ஃபோன்தான் கோளாறு என்று முடிவு செய்து, அவர் ஃபோனை ராம்கிக்கும் ராம்கியுடையதை அவருக்கும் மாற்றிக் கொடுத்தேன். பாயின் ஃபோன் ராம்கியிடம் ஒழுங்காக வேலை செய்தது. ராம்கியுடையது பாயிடம் போன மறுநாளே மணி அடித்தது.

அதன் பிறகுதான் ஒரு நாள் காலையில் விஷ்ராந்த்வாடிக்கே போய் அவர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தேன். வண்டி ஓட்டுவதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆளந்தி ரோட்டு நெரிசலில் நூல் பிடித்த மாதிரி போனார். ஸ்டியரிங்கில் இரண்டு கையும் இறுகி இருந்தன. முதல் பயணி ஏறியதும் வலது கையை எடுத்து ஃபோனை நோக்கிக் கொண்டுபோனார். கண்ணாடிக்கு ஒரு விரற்கடை மேலே வந்ததும் கட்டைவிரல் ஆட ஆரம்பித்தது. கதவைத் தட்டுகிற மாதிரி, டக் டக்கென்று. அவர் தொடவில்லை. விரல் தானாகத் தொட்டது, நாலைந்து தடவை, நாலைந்து இடத்தில். என்னைப் பார்த்தார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஆட்களை இறக்கிவிட்டு ஹிஞ்சேவாடியில் அவல் உப்புமா விற்கிற ஒரு போஹா வண்டிக்குப் பக்கத்தில் நிறுத்தினார். தட்டை வாங்கி பானெட்டில் வைத்துக்கொண்டு, குனிந்து, கரண்டியை வாய்க்குக் கொண்டுபோகாமல் வாயைக் கரண்டிக்குக் கொண்டுபோய்ச் சாப்பிட்டார்.

"எத்தன நாளா பாய்?"

"ஒன்றர வருஷம். மிஸ்பா ஃபோனுல ஒரு நாள் போட்டோ பாக்கப் போனேன். எட்டுப் பேருக்கு ஃபோன் கால் போயிருச்சு. புள்ள சிரிச்சா. நான் சிரிக்கல. அன்னைக்குத்தான் எனக்கே தெரியும்."

"டாக்டர்ட்ட?"

"காட்டினேன். நரம்பாம். மாத்திர குடுத்தாங்க. குறையாது, கூடுறது கொஞ்சம் மெதுவா கூடும்னாங்க." தட்டைத் தள்ளிவைத்தார். "பட்டன் ஃபோனுக்கு நம்ம கஷ்டம் தெரியும் தம்பி. அமுக்குனாத்தான் கேக்கும். இது நடுக்கத்தையும் உத்தரவுன்னு எடுத்துக்கிடுது."

"ஓட்ட முடியுதா பாய்? மறைக்காமச் சொல்லுங்க."

"இறுக்கிப் பிடிச்சா நிக்கி. நீங்களே பாத்தியள்லா. ஸ்டியரிங் புடிச்சிருக்கும்போது கை என் கையா இருக்கு." தட்டைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார். "யார்ட்டயும் சொல்லாதீய. ரெண்டு வருஷம்."

அப்போதே ஒன்றரை வருடம் கழிந்திருந்தது என்றும், இன்னும் இரண்டு வருடத்தில் அது எவ்வளவு கூடியிருக்கும் என்றும் யோசிக்க என் கணிதம் எனக்குப் போதும். நான் யோசிக்கவில்லை. சரி என்று தலையாட்டினேன்.

ஒரு வழி செய்தோம். ஒவ்வொரு நிறுத்தத்திலும் பழைய ஃபோனிலிருந்து என்னைக் கூப்பிடுவார். "ஏறியாச்சு" என்பார். நான் டெஸ்க்கிலிருந்து பதிவு செய்வேன். டச் ஃபோன் டேஷ்போர்டு பெட்டிக்குள் கிடக்கும். ஐந்து வாரம் இப்படிப் போயிற்று. சில நாட்களில் கூடவே ஏதாவது சேதி சொல்லுவார். "ரீனா மேடம் ஏறியாச்சு. இன்னைக்குக் கோவமில்ல, வடாபாவ் வாங்கித் தந்துச்சு."

மாதக் கூட்டத்தில் ராஜஸ்ரீ மேடம் கேட்டார், ஒரே வண்டிக்கு மட்டும் ஏன் எல்லாப் பதிவும் டெஸ்க்கிலிருந்து போகிறது என்று. அந்த ரூட்டில் சிக்னல் சரியில்லை என்று சொன்னேன். நம்பினாரோ என்னவோ. வேறு வண்டிகளிலும் தெரியாமல் விரல் பட்டுத் தவறான பதிவுகள் ஆகிக்கொண்டிருந்தன. அதற்கு என்ன செய்யலாம் என்று பேச்சு வந்தது. எனக்கு ஒரு யோசனை தோன்றியது. லேசாகப் பட்டால் பதிவாகக் கூடாது. மூன்று வினாடி தொடர்ந்து அழுத்திப் பிடித்தால்தான் பதிவாக வேண்டும். அப்படி மாற்றினால் பாயின் விரல் எத்தனை தடவை ஆடினாலும் ஃபோன் கண்டுகொள்ளாது. நிதானமாக விரலை வைத்து, அவர் கேட்ட மாதிரியே யோசித்து, அழுத்தலாம். அவருக்காகத்தான் சொன்னேன். அழகாக எடுத்துச் சொன்னேன், வெள்ளைப் பலகையில் படம் போட்டு.

ராஜஸ்ரீ மேடத்துக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. படித்தவன் படித்தவன்தான் என்று இந்தியில் எல்லார் முன்னாலும் சொன்னார். ஆப் செய்தவர்களுக்கு எழுதினார்கள். பத்து நாளில் மாற்றம் வந்தது. கூடவே மேடம் இன்னொன்றும் செய்யச் சொல்லியிருந்தார், எனக்குத் தெரியாது. இனி டெஸ்க்கிலிருந்து பதிவு செய்ய முடியாது.

மாற்றம் வந்த அன்று காலை எல்லா டிரைவர்களும் வாகட் ஆபீஸ் வாசலில் ஒவ்வொருவராக அழுத்திக் காட்டிவிட்டு வண்டி எடுக்க வேண்டும். கலீல் பாயிடம் முதல் நாளே சொல்லியிருந்தேன், இது உங்களுக்காகவே செய்தது, பயப்படாதீங்க என்று. தைரியமாகத்தான் வந்தார். ஃபோனை மேசையில் வைத்துக் கட்டைவிரலைக் கண்ணாடியில் ஊன்றினார். பட்டனைச் சுற்றி ஒரு பச்சை வளையம் நிரம்பத் தொடங்கியது. பாதி வந்ததும் விரல் வழுக்கிக்கொண்டு அந்தப் பக்கம் போயிற்று. வளையம் அழிந்தது. விரல் நகர்ந்தால் அழுத்தியதாக ஆகாது, தள்ளியதாக ஆகும். எனக்கு அது தெரியாமல் இல்லை. படம் போடும்போது ஞாபகம் வரவில்லை, அவ்வளவுதான்.

இன்னொரு முறை வைத்தார். மணிக்கட்டை இடது கையால் பிடித்துக்கொண்டு வைத்தார். கையோடு சேர்ந்து மேசையும் ஆடியது. ராம்கி, "பாய், நான் ஒங்களுக்காக" என்று கை நீட்டினான். ராஜஸ்ரீ மேடம் அவனைத் தடுத்தார்.

"கலீல் பாய், இரண்டு கையையும் நீட்டுங்க" என்றார். மெதுவாகத்தான் சொன்னார்.

அவர் நீட்டவில்லை. பையிலிருந்து வண்டிச் சாவியை எடுத்து ஃபோனுக்குப் பக்கத்தில் வைத்தார். "கட்கியில அந்தப் புள்ள நிக்கும், யாரையாவது சீக்கிரம் அனுப்புங்க" என்று என்னிடம் தமிழில் சொல்லிவிட்டு ரோட்டைப் பார்த்து நடந்தார்.

உள்ளே போய் மேடத்திடம் கெஞ்சினேன். அவருக்கு யார்டில் வேறு வேலை, டயர் கணக்கு, எதுவாவது. "அதற்கு ஆட்கள் இருக்கிறார்கள்" என்றார். பிறகு, "உனக்குத் தெரியும், இல்லையா? ஆறு பேர் ஏறுகிற வண்டி, அருண்ராஜ்" என்றார். அவர் சொன்னதில் தப்பு ஒன்றுமில்லை. அதனால் மனசு ஆறுகிறதா என்றால், இல்லை.

ஒன்றரை மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை விஷ்ராந்த்வாடிக்குப் போனேன். மிஸ்பா வரச் சொல்லி மெசேஜ் அனுப்பியிருந்தாள். கலீல் பாய் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். கையைத் தொடைக்கடியில் வைத்திருந்தார். சுலைஹா அக்கா சாயா கொண்டுவந்து எனக்குக் கிளாஸிலும் அவருக்குப் பெரிய டம்ளரில் கால்வாசியுமாக வைத்தார்.

"எப்படி இருக்கிய பாய்?"

"ரெஸ்ட்டு" என்றார். அவருடைய பட்டன் ஃபோன் ஜன்னலோரம் கிடந்தது. ஆறு இடத்தில் வேலை கேட்டாராம். வாட்ச்மேன் வேலைக்கும் இப்போது டச் ஃபோனில்தான் வருகிறவர் போகிறவரைப் பதிய வேண்டுமாம். அதைச் சொன்னது சுலைஹா அக்கா. அவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மிஸ்பாதான் விஷயத்துக்கு வந்தாள். அவள் தமிழ் கொஞ்சம் தடுக்கித் தடுக்கித்தான் வரும். "அண்ணா, உங்க ஆபீஸ்ல டெஸ்க்குக்கு லேடீஸ் எடுக்கறாங்க, இல்ல? நான் ஃபார்ம் போடணும்."

"காலேஜ்?"

"போன மாசமே பந்த் ஆயிடுச்சு. நான் போறதில்ல."

"நாலாவது செமஸ்டர் நடக்குது, இப்போ போயி விடலாமா? லோன் கேக்கலாம், ஸ்காலர்ஷிப் இருக்கு, நான் விசாரிச்சுச் சொல்றேன்."

"வாப்பாக்கு மருந்து இருக்கு. வீட்டு ரெண்ட் இருக்கு. விசாரிச்சாச்சு அண்ணா, எல்லாம் விசாரிச்சாச்சு." கோபம் ஒன்றும் இல்லாமல் சொன்னாள். தன் ஃபோனை என்னிடம் நீட்டினாள். எங்கள் கம்பெனி விண்ணப்பம் திறந்திருந்தது. "நீங்க ஃபில் பண்ணுங்க. உங்களுக்குத்தான் தெரியும், மேடம்க்கு எப்படி எழுதினா பிடிக்கும்."

கலீல் பாய் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டார். குழாயைத் திறந்துவிட்டு நிற்கிற சத்தம் கேட்டது.

பெயர், முகவரி, பிறந்த தேதி என்று ஒவ்வொன்றாக அவள் சொல்லச் சொல்ல நிரப்பினேன். கல்வித் தகுதி என்ற கட்டம் வந்தது. பி.ஃபார்ம், இரண்டாம் ஆண்டு என்று அடித்தேன். அவள் எட்டிப் பார்த்தாள்.

"முடிச்சதுதானே போடணும்? ட்வெல்த் போடுங்க."

அடித்ததை அழித்துவிட்டு ட்வெல்த் என்று போட்டேன்.