ஒருத்தி மட்டும் படுக்கும் கூடாரம்

விடைத்தாள் திருத்தும் அறையில் கைபேசியை அணைத்து வைக்கச் சொல்லியிருந்தார்கள். நான் அணைக்கவில்லை. நம் மலையேற்றக் குழுவின் நாகராஜ் அழைத்தார். "மேடம், ரெஜினா மேடம் ஹோகிபிட்ரு" என்றார் கன்னடத்தில். போய்விட்டார் என்பதற்கு மேல் அவரால் பேச முடியவில்லை. கையிலிருந்த தாளைத் திருத்தி முடித்துவிட்டுத்தான் எழுந்தேன். ரெஜினா இருந்திருந்தால் அதற்காகவே என்னை ஒரு வாரம் கேலி செய்திருப்பார்.

குழுவில் அவரோடு நடந்த உங்களுக்கு அவரை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. ஒரே கல்லூரியில் அவர் இயற்பியல் கற்பித்தார், நான் புள்ளியியல். அவருடைய நல்ல குணங்களை மற்றவர்கள் எழுதுவார்கள். நான் எழுத நினைப்பது நாங்கள் இருவரும் ஒரு கூடாரம் தேடி அலைந்த சில வாரங்களைப் பற்றி. பொதுவாக எதற்கும் துள்ளிக் குதிக்காதவள் நான். அந்த வாரங்களில் குதித்தேன்.

தொண்ணூறுகளின் கடைசியில் அவருக்கு அறுவை சிகிச்சை நடந்து இடது மார்பை எடுத்துவிட்டார்கள். இதை எழுத எனக்குத் தயக்கமில்லை. பின்னாளில் அவரே பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரரிடம்கூடச் சொல்லியிருக்கிறார். ஆனால் அப்போது அவர் அப்படி இல்லை. தேறியபின் முதல் நடைப்பயணத்தில் எங்களை ஒரு பள்ளிக்கூடக் கூடத்தில் தங்க வைத்தார்கள். எல்லோரும் தூங்கிய பிறகும் அவர் துப்பட்டாவை இறுக்கிப் போர்த்திக்கொண்டு சுவரில் சாய்ந்தே இருந்தார். திரும்பும் வழியில்தான் காரணத்தைச் சொன்னார்.

"உள்ள பஞ்சு வெச்சுத் தெச்ச பாடி போட்டிருக்கேன்ல, அதைக் கழட்டினாத்தான் எனக்குத் தூக்கம் வரும்பா. பத்து பேர் நடுவுல எப்படிக் கழட்டறது? தூங்காம மறுநாள் எப்படி ஏறுறது? ஒண்ணு, எனக்குன்னு ஒரு டென்ட் வேணும். இல்லைன்னா இதோட மலையை விட்டுடறேன்."

நம் குழுவில் அப்போதெல்லாம் நாலு பேருக்கு ஒரு கனத்த கூடாரம். மாற்றி மாற்றிச் சுமப்போம். ரெஜினாவின் தோளில் பள்ளிப் பிள்ளையின் பை அளவுக்கு மேல் ஏற்றக்கூடாது என்று மருத்துவர் சொல்லியிருந்தார். தண்ணீர், கம்பளி, மாற்றுத்துணி போக, கூடாரத்துக்கு மிஞ்சியது இரண்டு கிலோ. சிகிச்சைக்குப் பிறகு கையிருப்பும் அப்படித்தான், மெலிந்து போயிருந்தது. இன்னொருவர் சுமந்து வர அவர் சம்மதிக்கவில்லை. அடுத்த பயணம் ஜனவரியில், மேற்குத் தொடர்ச்சி மலையில்.

"இந்த எடையில, இந்த விலையில, பெங்களூர்ல கிடைக்குமா ரெஜி?" என்றேன்.

"வந்துட்டா பாரு சந்தேகம்" என்றார். எனக்கு அவர் வைத்திருந்த பெயர் அதுதான்.

முதலில் வெளிநாட்டுச் சாமான் விற்கும் ஒரு கடையில் மஞ்சள் நிறத்தில் ஒன்று பார்த்தோம். ஒரு புடவையைத் தூக்குவது போல இருந்தது. விலையும் குறைவு. நான் உற்சாகத்தில் பையைத் திறந்தே விட்டேன். ரெஜினா துணியைத் தடவிக்கொண்டே இருந்தார்.

"ஒரே ஒரு துணிதானா? மேல இன்னொண்ணு கிடையாதா?"

"எதுக்கு மேடம்? ஃபுல் வாட்டர்ப்ரூஃப். ஒரு சொட்டு உள்ள வராது, கேரன்டி."

"வெளியில இருந்து வராது, சரி. உள்ள நான் விடற மூச்சு எங்க போகும்?"

"மூச்சா?"

"விடிய விடிய விடுவேனே. அது மேல போய்ப் பட்டு, குளிர்ந்து, தண்ணியாகி என் தலையிலயே சொட்டும். மழைக்குப் பயந்து உள்ள போய் என் மூச்சுல நான் நனையணுமா?"

கடைக்காரர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். நாங்கள் வெளியே வந்து கரும்புச்சாறு குடித்தோம்.

இரண்டாவது கூடாரம் இந்திரா நகரில் ஒரு வாடகை வீட்டில் கிடைத்தது. திருச்சிப் பக்கத்து இளைஞர், மென்பொருள் பொறியாளர், அமெரிக்கா போவதற்காக வீட்டுச் சாமான்களை விற்றுக்கொண்டிருந்தார். அவருடைய கூடாரத்தில் உள்ளே வலை, அதன்மேல் தனியாக மழைத்துணி; மூச்சு வெளியேற இடைவெளி இருந்தது. ஒரே ஒரு வளைகம்பி. ரெஜினாவுக்கு எல்லாவற்றையும்விட முக்கியமானது வாசல். தலைமாட்டில் வாசல் இருந்தால் கைகளை ஊன்றித் தவழ்ந்து போக வேண்டும். இடது கை அதற்கு இணங்காது. இதில் வாசல் பக்கவாட்டில் இருந்தது. வீட்டுக் கூடத்திலேயே விரிக்கச் செய்து, உட்கார்ந்தபடி உள்ளே நகர்ந்து கால்களை இழுத்துக்கொண்டார். படுத்தார். எழுந்து உட்கார்ந்து கைகளைத் தலைக்கு மேல் கொண்டுபோனார், சட்டையைக் கழற்றுவதுபோல. கூரை இடிக்கவில்லை. வலை வழியாக என்னைப் பார்த்துக் கண்ணடித்தார்.

"படுத்துப் பாக்காம டென்ட் வாங்கறவங்க, பொண்ணைப் பாக்காமக் கல்யாணம் பண்றவங்க மாதிரி" என்றார் உள்ளிருந்து. வாரக் கடைசியில் தனக்குப் பெண் பார்க்கப் போகிறார்கள் என்று அந்த இளைஞர் சொல்ல, ரெஜினா வந்த வேலையை விட்டுவிட்டு அதைப் பற்றிப் பேசத் தொடங்கிவிட்டார்.

எடை எவ்வளவு என்று நான்தான் கேட்டேன்.

"ரெண்டு கிலோவுக்குள்ளதான் ஆன்ட்டி. பையிலேயே போட்டிருக்கு."

"தரையில அடிக்கிற ஆணி, கம்பியெல்லாம் சேர்த்தா?"

அவருக்குத் தெரியவில்லை. "விக்கிறவங்க சொல்ற எடையில ஆணி எப்பவும் சேராது" என்றார் ரெஜினா. அவர் பேரம் பேசி முடிக்கும்வரை நான் ஜன்னல் வழியே தென்னை மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிடிக்காவிட்டால் ஞாயிற்றுக்கிழமைக்குள் திருப்பித் தரலாம் என்று ஏற்பாடு.

வெள்ளிக்கிழமை மாலை, பிரேசர் டவுனில் ரெஜினாவின் வீட்டு மொட்டைமாடி. அவர் உள்ளே போய்ப் படுத்துக்கொள்ள, நான் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினேன். பக்கத்து மாடியில் துணி எடுக்க வந்த அம்மாள் பதறிவிட்டார்.

"ஐயோ, உள்ள யாரு? எதுக்குத் தண்ணி ஊத்தறீங்க?"

"நான்தான் ஆன்ட்டி! மழை வருதான்னு பாக்கறோம்!" என்று கூடாரம் கத்தியது.

ஒரு சொட்டு உள்ளே வரவில்லை. கூடாரத்தை உதறி, சுருட்டி, பழைய பேப்பர் கடை மூடுவதற்குள் தெருமுனைக்கு ஓடினோம். கடைக்காரர் தராசில் வைத்தார்.

"க்யா மேடம், இது பேப்பரா, பிளாஸ்டிக்கா? எந்த ரேட் போடணும்?"

இரண்டரைக் கிலோவைத் தாண்டியது. ஆணிகளை எடுத்துவிட்டு வைத்தோம். அப்போதும் இரண்டுக்கு மேல். ரெஜினா ஆணிகளைப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டார். வீட்டுக்கு வந்ததும் நாகராஜைத் தொலைபேசியில் அழைத்தார். "என் பேரை எடுத்துடுங்க நாகராஜ். இனிமே நான் வர்றதா இல்லை." தேநீர் போட்டுக் கொடுத்தேன்.

மறுநாள் காலை ஆசிரியர் அறையில் இருந்தேன். வகுப்பில் இருக்க வேண்டிய ரெஜினா, சுண்ணாம்புக் கையோடு வராந்தாவில் ஓடி வந்தார். நீரின் அடர்த்தி பற்றிக் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தவர், பாதி வாக்கியத்தில் மாணவிகளை விட்டுவிட்டு வந்திருந்தார்.

"ஏய் சந்தேகம்! ஈரம்! தண்ணியைத் தூக்கிட்டுப் போய் எடை போட்டிருக்கோம்டீ!"

இயற்பியல் ஒருத்தி, புள்ளியியல் ஒருத்தி. உலகத்தில் உள்ள அத்தனையையும் சந்தேகப்படும் நான், குடம் குடமாக நானே ஊற்றிய தண்ணீரைச் சந்தேகப்படவில்லை. மேசையில் தலையை வைத்துக்கொண்டு சிரித்தேன். முதல்வர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

ஒரு முழு நாள் கொடியில் காய்ந்த கூடாரத்தை ஞாயிறு காலை மறுபடி தராசில் வைத்தோம். ஆணி, கம்பி, பை எல்லாம் சேர்த்தும் இரண்டு கிலோவுக்குள் அடங்கியது. "அரே, ரெண்டு நாள்ல இளைச்சுப் போச்சே!" என்றார் கடைக்காரர். ரெஜினா பக்கத்து பூத்திலிருந்தே நாகராஜை அழைத்து, தன் பெயரை மறுபடி சேர்க்கச் சொன்னார்.

"வழியில மழை பெஞ்சா மறுபடியும் கனக்குமே" என்றேன் திரும்பும்போது.

"பெஞ்சா உதறிட்டு நடப்பேன். இன்னிக்கு ஒரு நாள் நீ சும்மா வா."

ஜனவரிப் பயணத்தில் மழை இல்லை. அவர் கூடாரத்தை அவரே சுமந்தார். மாலையில் எங்களிடமிருந்து சற்றுத் தள்ளிப் புல்மேட்டில் அடித்தார். யாரையும் கம்பியைக்கூடப் பிடிக்க விடவில்லை. இருட்டியதும், "வரேன்பா" என்று உள்ளே நகர்ந்து ஜிப்பை இழுத்துக்கொண்டார்.

விடிந்து, எல்லோரும் மூட்டை கட்டியாகிவிட்டது. புல்மேட்டில் ஒரு கூடாரம் மட்டும் மூடியே இருந்தது. "லேட் ஆகுது மேடம், எழுப்புங்க" என்றார் நாகராஜ். நான் போனேன். பக்கத்தில் நின்றதும் உள்ளிருந்து சத்தம் கேட்டது. திரும்பி, அவர்களையும் கையசைத்துக் கூப்பிட்டேன். கையில் தேநீரோடு வந்து நின்றார்கள்.

குறட்டை. நிதானமான, ஏறி இறங்கும், கூச்சமே இல்லாத குறட்டை. யாரும் சிரிக்கவில்லை. நாகராஜ் முதுகுப்பையை மெதுவாகக் கீழே இறக்கிவிட்டுப் புல்லில் உட்கார்ந்தார். மற்றவர்களும் உட்கார்ந்தார்கள். நன்றாக வெயில் ஏறிய பிறகுதான் ஜிப் திறந்து தலை வெளியே வந்தது.

"ஏண்டீ எழுப்பல?"

"நீங்க பாடிட்டிருந்தீங்க மேடம்" என்றார் நாகராஜ்.

அதன்பின் பல வருடங்கள் அவர் நம்மோடு நடந்தார். கடைசியில் நோய் திரும்பி வந்தது. அதைப் பற்றி எழுத எனக்கு விருப்பமில்லை. அடக்கத்தன்று, ரெஜினா இப்போது எங்கே இருக்கிறார் என்பதைப் பாதிரியார் உறுதியாகச் சொன்னார். எனக்கு அந்த உறுதி கிடையாது. என்னிடம் இருப்பது ஒரு காலை நேரம்: ஒரு மெல்லிய துணிக்கு அந்தப் பக்கம், எதையும் மறைக்க வேண்டியில்லாமல், என் தோழி தூங்கிக்கொண்டிருக்கிறார், இந்தப் பக்கம் நாங்கள் எல்லோரும் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறோம்.