துவைத்துப் போட்ட வரைபடம்

எங்கள் அலுவலகக் கூரை ஒழுகும். தீவு தீவாக வீடும் பள்ளிக்கூடமும் தண்ணீர்த் தொட்டியும் வரைந்து கொடுக்கிற இடத்தில் மழைக்கு வாளி வைத்திருந்தோம் என்றால் யார் நம்புவார்கள்? தகரத்தை மாற்ற வேண்டும் என்று என்ஜினீயர் மாதாமாதம் மெட்ராஸ் தலைமை அலுவலகத்துக்கு எழுதுவார். அடுத்த கப்பலில் தகரத்துக்குப் பதிலாக இன்னும் இரண்டு வேலை வரும்.

எழுபதுகளின் தொடக்கம் அது. போர்ட் பிளேயரில் ஜங்லிகாட் கடைத்தெருவை ஒட்டிய ஒரு பலகை வீட்டின் மாடிதான் எங்கள் கிளை. என்ஜினீயர் ஒருவர், சர்வேயர் ஒருவர், டிரேசர் நான், அவ்வளவுதான் கிளை. டிரேசர் என்றால் ஏதோ பெரிய படிப்பு என்று ஊரில் என் மாமனார் சொல்லிக்கொண்டிருந்தார். மற்றவர்கள் பென்சிலில் போட்ட படத்தின் மேல் மெல்லிய டிரேசிங் துணியை விரித்து, கறுப்பு மசியில் கோட்டுக்கு மேல் கோடு இழுக்கிற வேலை. அந்தத் துணியை வெயிலில் காட்டித்தான் நீலப்படிகள் எடுப்போம். மழை பிடித்துக்கொண்டால் வாரக்கணக்கில் படி எடுக்க முடியாது. அந்தமான் மழையிடம் அவசரக் கடிதம் என்று சொல்லிப் பயனில்லை.

டிரேசிங் துணியைப் பற்றிச் சொல்ல வேண்டும். கஞ்சி ஏற்றி மொடமொடவென்று கண்ணாடி போல இருக்கும். கஞ்சியைப் போக்கிவிட்டால் உள்ளே இருப்பது சுத்தமான பருத்தி. அவ்வளவு மிருதுவான வெள்ளைத் துணி அன்று போர்ட் பிளேயர் கடைகளில் கிடைக்காது. அதனால் எங்கள் அலுவலகத்தில் ஒரு வழக்கம் இருந்தது. ரத்தான படத்தின் மேல் என்ஜினீயர் சிவப்புப் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி போடுவார். பிறகு முறை வைத்து ஆளுக்கொன்றாக வீட்டுக்கு எடுத்துப் போவோம். எங்கள் வீட்டுக் கைக்குட்டை, தலையணை உறை, பால் வடிகட்டும் துணி எல்லாமே ஒரு காலத்தில் ஏதோ ஒரு கட்டடத்தின் அஸ்திவாரமாக இருந்தவை.

அந்த ஆடி மாதம் எனக்கு முதல் குழந்தை பிறந்தது. பதினோரு நாள் ஆகியும் வெயில் முகம் காட்டவில்லை. துவைத்த துணி எதுவும் காயவில்லை. ரத்தான சுருள் ஒன்று அலமாரியில் கிடந்தது, முறை சர்வேயர் அண்ணாச்சியுடையது. கேட்டதும் விட்டுக்கொடுத்தார்.

"எனக்கு எதுக்குடே? தனிக்கட்டைக்கு இருக்கிற துணி போதும். ஆவணியில கல்யாணம் முடிஞ்சு வந்தா அப்புறம் நான் கேப்பேன், நீ தரணும்."

அண்ணாச்சிக்கு முப்பத்தைந்து வயது. திருநெல்வேலிப் பக்கம். கல்யாணம் ஏற்கெனவே இரண்டு தடவை தள்ளிப்போயிருந்தது. முதல் தடவை பாராடாங் தீவில் வேலை முடியவில்லை. இரண்டாம் தடவை தெற்குக் கோடித் தீவில் கேம்பல் பே. அங்கே மெயின்லேண்டிலிருந்து வந்து இறங்கிய முன்னாள் ராணுவத்தார் குடும்பங்களுக்குக் குடிதண்ணீர் கொண்டுவர, காட்டுக்குள் ஒரு ஓடையைத் தேடி அளக்க அவரை அனுப்பினார்கள். இரண்டு மாதம் அட்டைக்கடியும் காய்ச்சலுமாகக் கிடந்து, முக்காலி மேல் சர்வே பலகையை நிறுத்தி, கண்ணால் பார்த்ததை அங்கேயே தாளில் வரைந்துகொண்டு வந்தார். தனியாகக் குறிப்பேடு எதுவும் கிடையாது, தாள்தான் எல்லாம். அந்தத் தாளும் காட்டு ஈரத்தில் பூஞ்சணம் பிடித்து, நான் துணியில் படியெடுத்து முடிப்பதற்குள் பிட்டுப் பிட்டாக உதிர்ந்துவிட்டது. என்ஜினீயர் துணியைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்ட அன்றே அதைக் குப்பையில் போட்டோம். ஆக, அந்த ஓடை உலகத்தில் ஒரே ஒரு இடத்தில்தான் இருந்தது, நான் மசியிட்ட துணியில்.

அந்தத் துணியைத்தான் நான் வீட்டுக்கு எடுத்துப் போனேன்.

எப்படி என்று கேட்டால் இன்றைக்கும் என் தலையில் நானே குட்டிக்கொள்ள வேண்டும். முந்தின நாள் நல்ல படம் இருந்த தட்டின் மேல் கூரை சொட்ட ஆரம்பித்தது. நான்தான் சுருளை எடுத்துச் சொட்டாத தட்டில் வைத்தேன். ரத்தான சுருள் இருந்த இடத்தில். ரத்தானதை வேறு தட்டுக்குத் தள்ளினேன். மறுநாள் சாயங்காலம் மழையில் நனைந்தபடி வெளியிலிருந்து வந்தவன் பழைய ஞாபகத்தில் பழைய தட்டில் கை வைத்தேன். விரித்துப் பார்த்திருக்கலாம். ஆனால் ஈரக் கையால் டிரேசிங் துணியை விரிக்கக் கூடாது, ஒரு சொட்டுப் பட்டாலும் கஞ்சி கரைந்து பொத்தலாகிவிடும். துவைக்கப் போகிற துணிதானே என்று அந்த மூளைக்குத் தோன்றவில்லை. பழக்கதோஷம். சுருளை அப்படியே கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டேன்.

மூன்று நாள் கழித்து, ஒரு புதன்கிழமை காலை, பளீரென்று வெயில் அடித்தது. படத்தின் படிகள் ஏற வேண்டிய கேம்பல் பே கப்பல் வெள்ளிக்கிழமை. மெட்ராஸ் கப்பல் அடுத்த செவ்வாய், அதில் அண்ணாச்சிக்கு டிக்கெட் எடுத்தாகிவிட்டது. என்ஜினீயர் நீலப்படி எடுக்கிற கண்ணாடிச் சட்டத்தைத் தானே தூக்கிக்கொண்டு வெயில் விழுகிற வெளி மாடிப்படிக்கு வந்தார். நான் சுருளை விரித்தேன். சிவப்புப் பெருக்கல் குறி என்னைப் பார்த்தது.

"இது ரத்தானதுய்யா. நல்லதை எடு."

"சார், நல்லது வீட்ல இருக்கு."

"வீட்ல என்ன பண்ணுது?"

"இந்நேரம் துவைச்சிருப்பா சார்."

அவர் சட்டத்தை மெல்லக் கீழே வைத்தார். கத்தவில்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. அண்ணாச்சியிடம் திரும்பி, "படம் இல்லேன்னா நீங்கதான் வெள்ளிக்கிழமை கப்பல்ல திரும்பப் போகணும். மறுபடி அளக்கணும். வேற வழி எனக்குத் தெரியல" என்றார். கேம்பல் பே போனால் செவ்வாய்க்கிழமை கப்பல் இல்லை, கல்யாணமும் இல்லை.

அண்ணாச்சி செருப்பை மாட்டினார். "வாடே, போய்ப் பாப்போம்."

வழியெல்லாம் அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "பிள்ளை ஆணா பொண்ணா? இத்தனை நாளா கேக்கவேயில்லை பாரு." பொண்ணு என்றேன். "நல்லது" என்றார். அவர் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

வீட்டில் என் மனைவி கொடியில் ஒரு குட்டிச் சட்டையை உதறிப் போட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் அவளே முந்திக்கொண்டாள்.

"என்னங்க, இந்தத் தடவை என்ன துணி கொண்டாந்தீங்க? சோடா போட்டு வேகவெச்சு அடுப்பு மேல காயப்போட்டேன், ஒரு கட்டி சாபுன் தீந்துபோச்சு, இந்தக் கறுப்புக் கோடு போவவே மாட்டேங்கு. பிள்ளைக்குப் போட்டா ஏதோ பூரான் ஊர்ந்த மாதிரி இருக்கு."

என் வாழ்நாளில் அவள் சொன்னதிலேயே இனிப்பான சொல் அதுதான். கொடியில் கிடந்த சட்டையைப் பிடித்து வெயிலுக்கு நேராகத் தூக்கினேன். சாம்பல் நிறத்தில், மங்கலாக, ஆனால் அறுபடாமல், குடியிருப்பு மனைகளின் வரிசை தெரிந்தது. அண்ணாச்சி என் தோள் வழியாக எட்டிப் பார்த்தார். அவர் விட்ட மூச்சு என் காதில் பட்டது.

மொத்தம் நாலு சட்டை தைத்திருந்தாள். ஒன்று கொடியில். ஒன்று எங்கள் குழந்தையின் உடம்பில், அதை உடனே கழற்றினோம், அவள் வீறிட்டாள். ஒன்று ஞானஸ்நானத்துக்கென்று பெட்டியில், கழுத்தில் லேஸ் வைத்து. அதைப் பிரிக்கச் சொன்னபோதுதான் என் மனைவிக்குக் கோபம் வந்தது. காரணம் சொன்னதும் பல்லால் நூலைக் கடித்துப் பிரிக்க ஆரம்பித்தாள், பிரித்துக்கொண்டே என்னை வைதாள். நாலாவது கீழ்வீட்டில். மளிகைக் கடைக்காரர் மனைவிக்கும் கைக்குழந்தை. ராமநாதபுரத்து அக்கா. பலகாரம் கொடுத்தனுப்பிய பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பித் தரக் கூடாது என்று என் மனைவி அதில் ஒரு சட்டையை வைத்துக் கொடுத்திருக்கிறாள்.

கீழே போனோம். குழந்தை சட்டையோடு பாயில் தூங்கிக்கொண்டிருந்தது. வயிற்றின் மேல் சரியாக எங்கள் ஓடை.

"தம்பி, கைய வைக்காதீக. ராத்திரி பூரா சளியில கத்துச்சு, இப்பத்தேன் கண்ணசந்திருக்கு. எழுப்புனா நீங்களே தூக்கி வெச்சுக்கங்க."

எங்களுக்கு நேரம் இல்லை என்று நான் வாயெடுத்தேன். அண்ணாச்சி என் கையை அழுத்தினார். பாயருகே சம்மணம் போட்டு உட்கார்ந்து, பையிலிருந்து தாளையும் பென்சிலையும் எடுத்தார். குழந்தை மூச்சு விட விட ஓடை ஏறி இறங்கியது. அவர் அது அடங்குகிற நேரம் பார்த்து ஒரு வளைவு போடுவார், பிறகு காத்திருப்பார், பிறகு இன்னொரு வளைவு. "இந்தப் பாறை எனக்குத் தெரியும். இங்கதான் நாலு நாள் காய்ச்சல்ல கெடந்தேன்" என்று கிசுகிசுத்தார். அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். நான் சிரிக்கவும் முடியாமல் அழவும் முடியாமல் சுவரோரம் நின்றேன். அரை மணி நேரத்தில் குழந்தை விழித்து, அந்த ஓடை முழுவதையும் நனைத்தது. கறுப்பு மசி அதற்கெல்லாம் அசரவில்லை. பதிலுக்கு என் சட்டை ஒன்றைக் கிழித்துத் தைத்துத் தருவதாகச் சொல்லி அதையும் வாங்கிக்கொண்டோம்.

அதோடு முடியவில்லை. வெந்ததில் துணி சுருங்கியிருந்தது, நீளவாக்கில் ஒரு அளவு, அகலவாக்கில் ஒரு அளவு. நல்லவேளை, அண்ணாச்சி படம் முழுக்கக் கட்டம் போட்டிருந்தார். என் மனைவி நாலையும் சோற்றுக் கஞ்சியில் முக்கி இஸ்திரி போட்டுக் கொடுத்தாள். பலகையில் ஊசி குத்தி ஒட்டவைத்து, புதுத் துணியில் சரியான கட்டம் இழுத்து, வியாழக்கிழமை பகல் முழுக்க ஒவ்வொரு கட்டமாக மாற்றினோம். அண்ணாச்சி வாசிப்பார், நான் இழுப்பேன். தையலில் வெட்டுப்பட்ட துண்டுகளை என் மனைவி பையில் போட்டு வைத்திருந்தாள், அவையும் வந்தன. ஒரு கழுத்து வட்டம் மட்டும் எங்கே தேடியும் கிடைக்கவில்லை. அடுப்பைத் துடைத்துத் தூக்கிப் போட்டிருக்கலாம் என்றாள். அந்த ஓட்டை எங்கே விழுகிறது என்று பொருத்திப் பார்த்தோம்.

கடலில் விழுந்தது. கரையிலிருந்து நன்றாகத் தள்ளி, ஒரு கோடும் இல்லாத வெறும் கடலில்.

என்ஜினீயர் மேசையைத் தட்டிச் சிரித்தார். புதன்கிழமையிலிருந்து அவர் சிரித்தது அதுதான் முதல் தடவை. "உன் சம்சாரத்துக்குக் கழுத்து வெட்டத் தெரிஞ்ச இடம் பாருய்யா."

வெள்ளிக்கிழமை காலை மேகத்துக்கு நடுவே கொஞ்ச நேரம் வெயில் வந்தது. என்ஜினீயர் சட்டத்தைக் கையில் ஏந்தி, சூரியன் போகிற பக்கமெல்லாம் திருப்பிக்கொண்டே நின்றார். இரண்டு படி தேறியது. ஈரம் காயாமலேயே தகரக் குழாயில் போட்டுக் கப்பலில் ஏற்றினோம். இதை மெட்ராஸுக்கு எழுதவா என்று நானே கேட்டேன், வேலை போனாலும் போகட்டும் என்றுதான். "எழுதினா நம்ம பொழப்பு சிரிப்பா சிரிச்சிடும். போய் வேலையைப் பாரு" என்றார்.

செவ்வாய்க்கிழமை அண்ணாச்சியை வழியனுப்ப ஜெட்டிக்குப் போனேன். அவருடைய டிரங்குப் பெட்டியை நான்தான் தூக்கினேன், வேண்டாம் என்றும் விடவில்லை. கும்பலில் ஓரமாக நின்று மன்னிப்புக் கேட்டேன். ஏற்கெனவே பத்துத் தடவை கேட்டாகிவிட்டது. அவர் ஒரு இன்லேண்டு கடிதத்தை எடுத்து நீட்டினார்.

பெண்ணின் அப்பா எழுதியிருந்தார். மூன்றாவது நாளும் குறித்தாகிவிட்டது, இதற்கும் மாப்பிள்ளை வராவிட்டால் தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம், பெண்ணுக்கு வேறு இடம் பார்த்துவிடுவோம், அதற்குப் பிறகு வர வேண்டாம். மரியாதையாகத்தான் எழுதியிருந்தார்.

"இது எப்ப வந்தது அண்ணாச்சி?"

"போன கப்பல்ல. நீ துணியத் துவைச்சாச்சுன்னு சொன்ன அன்னைக்கே என் கையில இருந்துச்சு."

"ஏன் என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல?"

"சொன்னா உன் கை நடுங்கும். அப்புறம் நீ எங்கடே கோடு இழுக்க?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. அத்தனை பேர் பார்க்க, கடிதத்தைப் பிடித்துக்கொண்டு விம்மினேன். அவர் அதை என் கையிலிருந்து வாங்கி மடித்து, "போதும், ஆளுக பாக்காங்க" என்று சொல்லிவிட்டுப் பெட்டியோடு ஏணியில் ஏறினார். கப்பல் திரும்பி வெளிக்கடலுக்குப் போகிறவரை நான் அங்கேயே நின்றேன். பிறகு வீட்டுக்குப் போய், ஒரு வாரத்தில் முதல் தடவையாக, வயிறு நிறையச் சாப்பிட்டேன்.