எட்டாவது கை

எங்கள் ராரொடோங்கா தீவில், தைத்து முடித்த டிவைவையை ஒருவர் கேட்டுவிட்டால் இல்லையென்று சொல்ல முடியாது. கட்டில் முழுக்க மூடுகிற அந்தப் பூவேலை விரிப்பைத் தைக்க வருடக்கணக்காகும். கைவிட்டுப் போக ஒரு நிமிஷம் போதும். அகாய்டியின் முதல் டிவைவை, கணவன் வழிப் பையன் ஒருவனின் முடிவெட்டுச் சடங்குக்காக ஆக்லாந்து போனது. இரண்டாவதை மாற்றலாகிப் போன போதகர் எடுத்துப் போனார். மூன்றாவது மாமனாரோடு குழிக்குள் இறங்கியது. மூன்றில் ஒன்றைக்கூட அவள் தன் கட்டிலில் விரித்துப் பார்த்ததில்லை.

நானும் அவளும் கடலோர விடுதி ஒன்றின் சலவைக் கூடத்தில் பதினோரு வருடமாக வேலை செய்கிறோம். ஏழு மணிக்கு உள்ளே போனால் மூன்றரைக்கு வெளியே. அப்புறம் அவளுக்கு டாரோக் கிழங்குக் கொல்லை, பன்றிகள், மூன்று பிள்ளைகள், கடலிலிருந்து பசியோடு வரும் புருஷன். ஞாயிற்றுக்கிழமை ஊசியைத் தொடக் கூடாது. மிச்சம் இருப்பது மதியச் சாப்பாட்டு நேரத்தின் அரைமணி. நாங்கள் டின் இறைச்சியை வழித்துக்கொண்டு ஊர் வம்பு பேசுவோம். அவள் ஐந்து நிமிடத்தில் விழுங்கிவிட்டு, கையைக் கழுவி, துணியை மடியில் போட்டுக்கொள்வாள்.

"அடுத்தவன் படுக்கிற துணிய மடிச்சே எனக்கு ஆயுசு போயிரும் போல" என்பாள். அது புலம்பல் இல்லை, கோபம். அவளுக்கு ஓர் ஆசை இருந்தது. ஆகஸ்ட் மாதம் நகர மண்டபத்தில் பெண்கள் சங்கங்கள் கயிறு கட்டி டிவைவைகளைத் தொங்கவிடுவார்கள். அங்கே ஒரே ஒரு முறை, தானே வெட்டிய உருவம், தன் பெயரோடு தொங்க வேண்டும். அவ்வளவுதான்.

தானே வெட்டியது என்பதுதான் வில்லங்கம். எங்கள் ஊரில் உருவம் வெட்டுவது ரூட்டா பெரியம்மா மட்டும்தான், மற்றவர்கள் தைக்கிறவர்கள். அகாய்டி யாரையும் கேட்காமல் மஞ்சள் துணியை எட்டாக மடித்து, பென்சில் கோடுகூடப் போடாமல் கத்தரியை வைத்துவிட்டாள். பிரித்தால் ஆக்டோபஸ். எட்டுக் கையும் நெளிந்து, சுருண்டு, கட்டிலின் நான்கு மூலைக்கும் போகிற ஆக்டோபஸ். அதை நீலத் துணிமேல் வைத்து ஓரம் மடித்துத் தைக்கத் தொடங்கினாள்.

செம்பருத்தியும் ஈரப்பலா இலையும் பார்த்தே பழகிய ஊர் சிரித்தது. சிரிக்காதவள் அவளுடைய நாத்தனார் உபோகினா ஒருத்திதான்.

"எனக்குக் குடு அதை. நான் செத்தா என்மேல போடு" என்றாள் உபோகினா.

"ஆக்டோபஸையா அண்ணி?"

"என் புருஷனோட ரெண்டு கையும் தூண்டில் நூலைத் தவிர எதையும் பிடிச்சதில்ல. எட்டுக் கை கட்டிப் பிடிச்சா வேணாம்னா சொல்லுவேன்?"

நாங்கள் வயிறு வலிக்கச் சிரித்தோம். அதன் பிறகு எங்கே பார்த்தாலும் உபோகினா கேட்பாள்: "முடிஞ்சுதா?" இவள் சொல்வாள்: "இன்னும் இல்ல அண்ணி. அவசரப்பட்டுச் சாகாதீங்க."

நான்கு வருடம் அரைமணி அரைமணியாகப் போனது. இந்த ஜனவரியில் ஏழு கைகளும் முடிந்து, எட்டாவதன் நுனியில் நான்கு விரற்கடை மட்டும் மிச்சம் இருந்தது. அதோடு நிறுத்திவிட்டாள். ஊசியை அங்கேயே குத்தி, சுருட்டி, அலமாரிக்குள் வைத்தாள். முடியாத டிவைவையை யாரும் கேட்க முடியாதில்லையா? மண்டபத்தில் கொடுக்கிற நாளுக்கு முந்தின நாள் மீதியைத் தைத்துக்கொள்வதாகத் திட்டம். எனக்கு மட்டும் சொன்னாள். கெட்டிக்காரத்தனம் என்று நானும் மெச்சினேன். இன்றைக்கு அதை நினைத்தால் நாக்கைக் கடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

ஆகஸ்ட் வந்தது. வெள்ளிக்கிழமை மண்டபத்தில் கொடுக்க வேண்டும். செவ்வாய்க்கிழமை, தேங்காய் துருவிக்கொண்டிருந்த இடத்திலேயே சாய்ந்துபோனாள் உபோகினா. ஐம்பத்தோரு வயது.

புதன் காலை சாவு வீட்டில் ரூட்டா பெரியம்மா அகாய்டியின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "அவ வாய்விட்டுக் கேட்டது ஊருக்கே தெரியும். எங்க அது?"

அகாய்டி தரையைப் பார்த்தாள். "இன்னும் முடியல பெரியம்மா."

நான் பக்கத்திலேயே இருந்தேன். வாயைத் திறக்கவில்லை.

"முடியலன்னா என்னடி? நாங்க எட்டுப் பேர் இருக்கோம். ஆளுக்கு ஒரு கை. மத்தியானத்துக்குள்ள முடிச்சிருவோம், வா."

அந்த ஒரு வார்த்தையை அவள் எதிர்பார்க்கவில்லை. நானும்தான். எட்டுப் பெண்கள் அழுத கண்ணோடு ஊசி டப்பாக்களைத் தூக்கிக்கொண்டு அவள் வீட்டுக்கு நடந்தார்கள். சுருட்டை எடுத்துத் தரையில் விரித்தார்கள். அது அவ்வளவு அழகாக இருந்தது. பிறகு ஒவ்வொருத்தியும் தன் பங்குக் கையைத் தேடினாள். தைக்க ஒன்றுமே இல்லை. ரூட்டா பெரியம்மாதான் எட்டாவது கையின் நுனியைக் கண்டுபிடித்து ஊசியைப் பிடித்து இழுத்தாள். வரவில்லை. உப்புக் காற்றில் துருப்பிடித்துத் துணியோடு ஒட்டிப்போயிருந்தது.

"எத்தனை மாசமா நிக்குது இந்த ஊசி?"

"ஜனவரியிலேர்ந்து."

"அவ கேட்டுக்கிட்டே இருந்தாளே."

"கேட்டாங்க."

யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பெரியம்மா இடுக்கியால் ஊசியைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, தன் டப்பாவிலிருந்து புது ஊசியில் நூல் கோத்து அகாய்டியிடம் நீட்டினாள். ஏழு மாதம் தள்ளிப்போட்ட வேலை கால்மணி நேரத்தில் முடிந்தது. துரு மட்டும் மஞ்சளில் பழுப்புக் கோடாக நின்றது.

"எலுமிச்சம்பழமும் உப்பும் போட்டா போயிரும்" என்றாள் ஒருத்தி.

"வேணாம்" என்றாள் அகாய்டி.

உபோகினாவின் மேல் விரிக்கும்போது, கறை பட்ட கையைக் கால்பக்கம் திருப்பலாம் என்று நான் துணியைப் பிடித்தேன். அகாய்டி என் கையைத் தட்டிவிட்டாள். எட்டாவது கையை உபோகினாவின் வலது கைமேல் கொண்டுவந்து, விரல்களைப் பிரித்து, துரு இருந்த இடத்தை உள்ளங்கைக்குள் வைத்து மூடினாள்.

"தெரியட்டும் அண்ணி உங்களுக்கு" என்றாள். அப்போதுதான் அழுதாள். வீட்டு முற்றத்தில் தோண்டிய குழியில் நீலமும் மஞ்சளும் இறங்குகிற வரைக்கும் அழுதாள்.

வெள்ளிக்கிழமை சலவைக் கூடத்துத் தொலைபேசி அடித்தது. மண்டபத்திலிருந்து. கயிற்றில் அவள் பெயர் எழுதிக் குத்தியாகிவிட்டது, டிவைவை மட்டும் வரவில்லை. பக்கத்தில் படுக்கை விரிப்பை மடித்துக்கொண்டிருந்த எனக்கு அந்தப் பக்கக் குரல் நன்றாகக் கேட்டது.

"முடிஞ்சுதா இல்லையாம்மா?"

"முடிஞ்சிருச்சு" என்றாள் அகாய்டி.

"அப்ப கொண்டு வர வேண்டியதுதானே?"

"கேட்டவங்களுக்குக் குடுத்துட்டேன்."